கொடுவா மீன் குஞ்சுகளைக் குருணைத் தீவனத்துக்குப் பழக்குவது: முழுமையான வழிகாட்டி

கொடுவா ஓர் இரைகொல்லி மீன். அசைகிற எதுவும் அதற்கு இரை. அசையாமல் கிடப்பது அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் உணவாகவே படுவதில்லை. பொரிப்பகத்திலிருந்து வரும் 2 முதல் 3 செ.மீ. குஞ்சுகளை, மிதக்கும் குருணையை, அதாவது சிறு மணிகளாக ஆக்கிய உலர் தீவனத்தைத் தேடி மேலே வரும் 8 முதல் 10 செ.மீ. மீன்களாக மாற்றி வளர்ப்புக் குளத்தில் விடும் வரையிலான வேலை மட்டுமே இங்கே விளக்கப்படுகிறது. இதற்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். தீவனத்துக்குப் பழக்குவது அதில் முதல் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். எஞ்சிய காலம் பழகிய மீனைச் சேதமின்றிக் காப்பதற்கு.

புதிதாகத் தொடங்குவோர் பலர் "பட்டினி போட்டால் தானாகத் தின்னும்" என்று நம்பி இறங்குகிறார்கள். கெண்டைக்கு அது ஓரளவு பொருந்தலாம். கொடுவாக் குஞ்சு பட்டினி கிடந்தால் குருணையைத் தின்னாது. பக்கத்தில் நீந்தும் தன் உடன்பிறப்பைத் தின்னும். கீழே சொல்லப்படும் படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தை வைத்தே அமைந்திருக்கிறது.

1. குஞ்சு வருவதற்கு முன் ஆயத்தமாக வேண்டியவை

பழக்கும் இடம் சிறியதாகவும், இயற்கை இரை இல்லாததாகவும், மீனை எந்நேரமும் கண்ணால் பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நேராகக் குளத்தில் விட்டுப் பழக்கலாம் என்று எண்ணுவது முதல் தவறு. குளத்தில் சிறு இறாலும் மீன்குஞ்சும் பூச்சிகளும் கிடைக்கும்போது கொடுவா உங்கள் தீவனத்தைத் திரும்பியும் பார்க்காது. மேலும் எந்த மீன் தின்கிறது, எது தின்னவில்லை என்பதை அறிய உங்களுக்கு வழியே இருக்காது.

இடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கரையில் வைக்கும் வட்ட வடிவ எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை) தொட்டி. மற்றது, குளத்திலேயே மூங்கில் அல்லது சவுக்குக் கம்புகளில் கட்டும் ஹாப்பா வலைக்கூண்டு. தொட்டியில் கட்டுப்பாடு அதிகம், செலவும் அதிகம். ஹாப்பாவுக்குத் தண்ணீர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் கண்ணி வழியே நுண்ணுயிர் மிதவைகள் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் மீன் பழகச் சற்றுக் காலம் பிடிக்கும். மின்சாரம் நம்பகமாக இல்லாத ஊரில் ஹாப்பாவையே தேர்ந்தெடுங்கள். காற்றூட்டம் நின்ற தொட்டியில், நெருக்கமாக விடப்பட்ட குஞ்சுகள் ஓர் இரவு தாங்காது.

ஹாப்பா 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்ற அளவில் இருந்தால் ஒருவரே கையாள முடியும். ஒரே ஒரு ஹாப்பாவோடு தொடங்காதீர்கள். தரம் பிரிக்கும்போது பெரியவை, நடுத்தரம், சிறியவை என மூன்று கூட்டங்கள் உண்டாகும். பழகாத மீன்களுக்கு ஒன்றும், அழுக்கடைந்த வலையை மாற்றுவதற்கு ஒன்றும் சேர்த்துக் குறைந்தது ஐந்து ஹாப்பாக்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். குஞ்சு வந்த பிறகு வலை தைக்க ஓடுகிறவர்கள், தரம் பிரிக்க வேண்டிய நாளைத் தவறவிட்டு, எண்ணிக்கையில் பெரும் பகுதியை இழக்கிறார்கள்.

இவை தவிர, துளையிட்ட பிளாஸ்டிக் கூடைகள் இரண்டு மூன்று அளவுகளில், மென்மையான கைவலை, சிறிய தராசு, உப்புமானி, வெப்பமானி, மீன் அரைக்கத் தனியாக ஒரு மிக்சி, மாவு சலிக்கும் சல்லடை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவனத்தை 0.5 மி.மீ. தொடங்கி 2 மி.மீ. வரை அடுத்தடுத்த அளவுகளில் முன்பே வாங்கி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். குஞ்சுப் பருவத்துக்குப் புரதம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கெண்டைத் தீவனத்தையோ இறால் தீவனத்தையோ கொண்டு சமாளிக்கப் பார்ப்பது வீண். முன்னதில் புரதம் போதாது. பின்னது விரைந்து அடியில் அமர்ந்துவிடுவதால் கொடுவாவின் கவனத்துக்கே வராது.

2. எந்தக் குஞ்சை வாங்குவது

தமிழ்நாட்டில் கொடுவாக் குஞ்சு பெற, சென்னையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் முட்டுக்காடு ஆய்வு மையமும், சீர்காழி அருகே ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையத்தின் பொரிப்பகமும் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள். எங்கே வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குஞ்சின் சராசரி நீளம் என்ன, கடைசியாக எப்போது தரம் பிரித்தார்கள், இப்போது என்ன தின்கிறது.

மூன்றாவது கேள்விதான் உங்கள் வேலையின் அளவைத் தீர்மானிக்கிறது. பல பொரிப்பகங்களில் குஞ்சு ஏறத்தாழ ஒரு மாத வயதிலேயே ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உயிர் இரையிலிருந்து உலர் தீவனத்துக்கு மாற்றப்பட்டுவிடும். அப்படி மாறிய குஞ்சு என்றால், அவர்கள் இடும் அதே தீவனத்தில் சில கிலோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 4, 5 ஆகிய படிகளைத் தாண்டி நேராக 6-க்குப் போகலாம். ஆர்ட்டீமியாவோ அரைத்த மீனோ தின்கிற குஞ்சு என்றால் எல்லாப் படிகளும் தேவை.

கழிமுகங்களில் பிடித்து விற்கப்படும் இயற்கைக் குஞ்சு விலை மலிவாக இருக்கலாம். ஆனால் ஒரே பையில் ஒன்றுக்கொன்று இரட்டிப்பு நீளமுள்ள குஞ்சுகள் வரும். உயிர் இரையிலேயே வளர்ந்தவை என்பதால் பழக்கத்துக்கு வர மறுக்கும். 10 செ.மீ. தாண்டிய இயற்கை மீனைப் பழக்க முயல்வதில் என் அனுபவத்தில் செலவுக்கேற்ற பலன் இல்லை. அமெரிக்கப் பண்ணைகளில் பெருவாய் பாஸ் மீனையும் 4, 5 செ.மீ. அளவில்தான் தொட்டிக்குக் கொண்டுவந்து தீவனத்துக்குப் பழக்குகிறார்கள். இரைகொல்லி எதுவானாலும் இளமையில் பழகுவதே எளிது.

3. குஞ்சு இறக்கும் நாள்

பையைத் திறக்காமல் அரை மணி நேரம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். உள்ளும் புறமும் வெப்பம் சமமாகும். பிறகு பைத் தண்ணீரின் உப்பளவையும் உங்கள் தண்ணீரின் உப்பளவையும் ஒப்பிடுங்கள். கொடுவா கடல்நீரிலிருந்து நன்னீர் வரை எதிலும் வாழக்கூடியது. ஆனால் மாற்றம் மெதுவாக நடக்க வேண்டும். வேறுபாடு 5 பிபிடிக்கு (ஆயிரத்தில் 5 பங்கு உப்பு) மேல் இருந்தால், குஞ்சுகளை ஒரு தொட்டியில் வைத்துக் காற்றூட்டம் கொடுத்தபடி, உங்கள் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பல மணி நேரத்தில் சமன் செய்யுங்கள். நன்னீர்க் குளத்துக்குக் கொண்டுபோவதானால் இதைச் சில நாட்களுக்கு நீட்டிப்பது நல்லது. உப்பு மாற்றத்தால் தளர்ந்த குஞ்சு தீவனம் எடுக்காது. அதைத் தீவனத்தின் குறையென்று எண்ணி வேறு தீவனத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வலைக்குள் விடும் முன்பே முதல் தரம்பிரிப்பைச் செய்துவிடுங்கள். பயணத்தின்போது பைக்குள்ளேயே கடித்துக்கொண்டிருக்கும்; வால் சிதைந்தவற்றைத் தனியே வையுங்கள்.

மேலே சொன்ன அளவுள்ள ஹாப்பா ஒன்றுக்கு 400 முதல் 500 குஞ்சுகள் விடலாம். குறைவாக விட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மை அதற்கு எதிரானது. கூட்டம் குறைந்தால் ஒவ்வொரு மீனும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருந்து தாக்கும் இயல்புக்குத் திரும்பும். நெருக்கமாக இருக்கும்போது அந்த எல்லைகள் உருவாவதில்லை. அதோடு, ஒரு மீன் குருணையைக் கவ்வுவதைப் பார்த்துப் பக்கத்து மீனும் பாய்கிறது. போட்டிதான் இங்கே ஆசிரியர்.

4. முதல் இரண்டு மூன்று நாட்கள்: இடத்தையும் நேரத்தையும் மட்டும் பழக்குதல்

இந்நாட்களில் உலர் தீவனத்தை நினைக்கவே வேண்டாம். புதிய இடம், புதிய தண்ணீர் ஆகியவற்றோடு புதிய உணவையும் சேர்த்துத் திணித்தால் மீன் மூன்றையும் மறுக்கும்.

முள்ளும் செதிலும் நீக்கிய மலிவு மீனை அரைத்துச் சல்லடையில் தேய்த்து, குஞ்சின் வாய்க்குள் எளிதாக அடங்கும் துணுக்குகளாக இடுங்கள். ஈர மசியலில் பெரும் பகுதி தண்ணீர். ஒரு பகுதி கரைந்தும் வீணாகும். எனவே முதல் வாரத்தில் நாளொன்றுக்கு மீன்களின் மொத்த உடல் எடைக்கு நிகரான அளவுகூடத் தேவைப்படலாம். வாங்கும் மீன் அன்றைய வரவாக இருக்கட்டும். பழையதை இட்டால் தண்ணீர் கெடும், நோயும் வரும்.

ஒவ்வொரு முறையும் அதே ஓரத்தில், அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆள் இட வேண்டும். இடுவதற்கு முன் கம்பத்தை இரண்டு முறை தட்டுங்கள். ஓரிரு நாட்களில் தட்டும் ஓசைக்கே கூட்டம் அந்த ஓரத்தில் திரளத் தொடங்கும். அது நடக்காத வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்; நாளைய குருணை விழப்போவது இதே இடத்தில்தான்.

5. மசியலிலிருந்து மாவுக்கு

இடப்போகும் குருணையையே மிக்சியில் பொடித்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாவு எதையும் கலக்க வேண்டாம். கடைசியில் தின்ன வேண்டிய பொருளின் மணமும் சுவையும் முதல் கலவையிலேயே நாவில் பட வேண்டும்.

முதலில் மூன்று பங்கு மீன் மசியலுக்கு ஒரு பங்கு தீவனப் பொடி. பிறகு சரிபாதி. பிறகு ஒரு பங்கு மசியலுக்கு மூன்று பங்கு பொடி. ஒவ்வொரு கலவைக்கும் இரண்டு மூன்று நாட்கள் கொடுங்கள். நாட்காட்டியைப் பார்த்து மாற்றாமல் மீனைப் பார்த்து மாற்றுங்கள்: இட்ட துணுக்குகள் அடியைத் தொடுவதற்குள் பெரும்பாலானவை கவ்வப்பட்டால் அடுத்த விகிதத்துக்குப் போகலாம். கவ்விவிட்டுத் துப்பினால் முந்தைய விகிதத்துக்கு ஒரு நாள் திரும்புங்கள்.

கலவையைச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, சல்லடைக் கண் வழியே அழுத்தி நூலாக்கி, வெட்டிக்கொள்ளுங்கள். பந்தாக உருட்டிப் போடுவது பரவலான தவறு. பந்து நேராக அடியில் போய் அமர்ந்து அங்கேயே கரையும். நூல்துண்டு சுழன்று சுழன்று மெல்ல இறங்கும், அந்தச் சுழற்சிதான் மீனை இழுக்கிறது.

6. காய்ந்த குருணை: இடும் கை

இதுவே முழுப் பழக்கத்தின் மையம். இங்கே அவசரப்படுகிறவர்கள் அதற்கு முந்தைய உழைப்பு அனைத்தையும் இழக்கிறார்கள்.

முதலில் குருணையைக் காய்ந்தபடியே போடாமல், மீன் அரைத்த நீரைச் சிறிது தெளித்துச் சில நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த குருணையைக் கொடுவா ஆர்வத்தோடு கவ்வும். ஆனால் வாயில் கடினமாகப் பட்டவுடன் துப்பிவிடும். சில முறை துப்பிய மீன் அடுத்து வருவதைக் கவ்வவே வராது. மென்மையாக இருந்தால் விழுங்கிவிடும். மீன்நீரின் அளவை நாள்தோறும் குறைத்து, நான்கைந்து நாட்களில் முற்றிலும் காய்ந்த குருணைக்கு வந்துவிடலாம்.

ஒரு கைப்பிடியை அள்ளி வீசாதீர்கள். முதலில் சில குருணைகளை மட்டும், நீர்மட்டத்தில் சிறு சலசலப்பு எழும்படி தெறித்துப் போடுங்கள். முன்வரிசை மீன்கள் பாய்ந்ததும் இன்னும் சில. பாய்ச்சல் சூடுபிடித்த பிறகே கை வேகம் கூட வேண்டும்; தளரும்போது கையும் தளர வேண்டும். கொடுவா விழுகிற இரையையும் நகர்கிற இரையையும் பிடிக்கும். அடியில் கிடப்பதை மேய்கிற வழக்கம் அதற்கு இல்லை. ஆகவே விழும் நேரத்துக்குள் பிடிக்கப்படாத குருணை பெரும்பாலும் வீண்தான், தண்ணீரைக் கெடுக்கும் அழுக்கும்கூட.

தொட்டியில் பழக்குவோர் தீவனம் இடும் அந்தச் சில நிமிடங்களுக்குக் காற்றூட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குமிழிக் கொந்தளிப்பில் மீனால் குருணையைக் குறிவைக்க முடியாது. ஆனால் மெல்லிய நீரோட்டம் இருப்பது நல்லது, குருணைக்கு அது அசைவு தருகிறது. முடிந்ததும் காற்றூட்டத்தை மறக்காமல் கூட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடியில் தங்கியதைக் குழாய்வைத்து உறிஞ்சி எடுங்கள்.

நாளுக்கு ஐந்து அல்லது ஆறு வேளை தேவை. அதிகாலையும் அந்திப் பொழுதும் கொடுவா இயல்பாக வேட்டையாடும் நேரங்கள். அன்றைய தீவனத்தில் பெரும்பங்கை அந்த இரு வேளைகளுக்கு ஒதுக்குங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: சராசரி 1 கிராம் எடையுள்ள 500 குஞ்சுகளின் மொத்த எடை 500 கிராம்; அதில் 10 சதவீதம் என்றால் நாளுக்கு 50 கிராம் உலர் தீவனம்; ஆறு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 8 கிராம் சொச்சம். இது தொடக்கப் புள்ளிதான். வயிறு புடைத்து மீன்கள் கலைந்து கீழே இறங்கினால் கணக்கு மீதமிருந்தாலும் நிறுத்துங்கள். கணக்கு முடிந்தும் பாய்ச்சல் குறையவில்லை என்றால் இன்னும் இடுங்கள். பசித்த கொடுவாவை விட்டுவிட்டுப் போவதைவிடச் சிறிது தீவனம் வீணாவது மேல்.

குருணையின் அளவை மாற்றும்போது பழையதையும் புதியதையும் சரிபாதியாகக் கலந்து இரண்டு மூன்று நாட்கள் இடுங்கள். ஒரே கூட்டத்தில் சற்றுச் சிறிய மீன்களும் இருக்கும். ஒரேயடியாகப் பெரிய குருணைக்கு மாறினால் அவை பின்தங்கும், பின்தங்கியவை அடுத்த வாரம் இரையாகும்.

7. தரம் பிரித்தல்

கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் நீளமுள்ள இன்னொரு கொடுவாவை விழுங்கும் திறன் உள்ளது. அதாவது 5 செ.மீ. மீன் 3 செ.மீ. மீனை முழுதாக விழுங்கும். அதற்கும் பெரியதாக இருந்தால் விழுங்க முயன்று, தொண்டையில் சிக்கி, இரண்டும் சாகும். காலையில் வாய்க்குள் வால் தொங்கும் மீன் மிதந்தால், தரம் பிரிக்க வேண்டிய நாள் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒரு முறை, காலையில், முதல் வேளைத் தீவனத்துக்கு முன் பிரியுங்கள். தின்ற வயிற்றோடு கையாண்டால் கக்கிவிடும், களைத்தும் போகும். வலையின் ஒரு பக்கத்தைத் தூக்கி மீன்களை ஒதுக்கி, துளையிட்ட கூடையில் அள்ளித் தண்ணீருக்குள்ளேயே வைத்து மெதுவாக அசையுங்கள். சிறியவை துளை வழியே தாமாக வெளியேறும், பெரியவை தங்கும். கையால் பொறுக்குவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், ஏனெனில் மேல்தோலின் வழுவழுப்பு நீங்கிய இடத்தில்தான் வால் அழுகலும் புண்ணும் தொடங்குகின்றன.

தரம் பிரித்த உடனே தீவனம் இடுங்கள். முதல் வேளை சுணக்கமாக இருந்தாலும் அடுத்த வேளையில் சரியாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிக வேகமாக வளரும் சில மீன்களைப் பார்த்து "நல்ல ரகம்" என்று மகிழ்ச்சி அடைகிறார்கள். அவற்றில் பல, குருணையால் அல்ல, தோழர்களைத் தின்றே வளர்ந்தவை. அவை மீண்டும் அதையே செய்யும். கூட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய மீன் எதுவானாலும் அன்றே எடுத்துவிடுங்கள்.

10 செ.மீ. தாண்டிய பிறகு ஒன்றையொன்று தின்பது வெகுவாகக் குறையும். அதுவரை தரம் பிரிப்பதை நிறுத்த முடியாது.

8. வலையும் தண்ணீரும்

நெய்த வலை சில நாட்களிலேயே பாசியும் சேறும் பிடித்து அடைபடும். தண்ணீர் உள்ளே புகாவிட்டால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தீவனத்தில் ஆர்வம் இழக்கும். தரம் பிரிக்கும் நாளிலேயே வலையைத் தேய்ப்பதோ மாற்றுவதோ வசதி. நண்டு கடித்த ஓட்டை இருக்கிறதா என்று அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நண்டை, அடுத்தது பறவையை. மேலே ஒரு மூடுவலை கட்டுவது கட்டாயம்.

வெப்பம் 26 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கொடுவா கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. மழைக்காலச் சேற்று நீரில் குருணை அதன் கண்ணுக்குத் தெரியாது.

9. பழகாத மீனை அடையாளம் காணுதல்

மூன்றாம் வாரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து தெரியும். பழகியவை ஓசை கேட்டதும் மேலே வரும், வெள்ளி நிறம் ஏறும், தின்றபின் வயிறு உருண்டு தெரியும். பழகாதவை கருமையாகவே இருக்கும். தலை பெரிதாகவும் உடல் மெலிந்தும் தோன்றும். வலையின் மூலையில் ஒட்டி நிற்கும். சிறு குஞ்சுகளின் தலையில் இயல்பாகவே காணப்படும் வெள்ளைக் கோட்டையும் பழுப்புத் திட்டுகளையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிறத்தை மட்டும் பார்க்காமல் வயிற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

தீவனம் இட்ட பத்து நிமிடத்தில் மூலையில் நிற்பவற்றைக் கைவலையால் எடுத்துத் தனி ஹாப்பாவில் விடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. தின்னாத மீன் தானாகச் சாவதில்லை. முதலில் தன்னைவிடச் சிறியதைத் தின்னத் தொடங்குகிறது.

10. குளத்தில் விடுதல்

8 செ.மீ. தாண்டிய, காய்ந்த குருணையைத் தொடர்ந்து ஒரு வாரமாவது தவறாமல் தின்ற மீன்களை மட்டும் விடுங்கள்.

குளம் முன்பே வற்றவைத்துக் காயவிடப்பட்டு, உள்வரும் தண்ணீர் நெருக்கமான வலை வழியே வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் நிறைந்த குளத்தில் விட்டால், அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய மீன் சில நாட்களில் வேட்டைக்குத் திரும்பிவிடும். உயிர் இரையை நம்பி வளர்ப்பது வேறொரு முறை. இரண்டையும் கலந்தால் தீவனச் செலவும் கூடும், வளர்ச்சியும் சீராக இராது.

ஹாப்பா அதே குளத்தில் இருந்தால் வேலை எளிது. மாலையில் வலையின் ஒரு பக்கத்தை நீருக்குள் தாழ்த்தி, மீன்கள் தாமாக வெளியேற விடுங்கள். வலையை உடனே அவிழ்க்காமல் ஒரு வாரம் அப்படியே வைத்து, அதன் அருகிலேயே, அதே தட்டும் ஓசையோடு தீவனம் இடுங்கள். காற்றில் குருணை கரைக்கு ஒதுங்காமல் இருக்க, பி.வி.சி. குழாயை வளைத்து மிதக்கும் வளையமாக்கி அதற்குள் இடலாம். முதல் சில நாட்கள் பாதி மீன்கூட வராமல் போகலாம். அதற்காக இடத்தை மாற்றவோ குளம் முழுதும் தூவவோ வேண்டாம்.

வேளைகளைப் படிப்படியாகக் குறைத்துக் காலை, மாலை இரண்டுக்குக் கொண்டுவாருங்கள். உடல் எடையில் 5, 6 சதவீதத்தில் தொடங்கி, மீன் வளர வளர 2, 3 சதவீதத்துக்கு இறங்கலாம். மாதம் ஒரு முறை மாதிரி பிடித்து எடை பார்க்காமல் இந்தக் கணக்கைப் போட முடியாது.

11. எஞ்சிய மீன்கள்

தனி ஹாப்பாவில் ஒதுக்கியவற்றுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுங்கள்: 5-ஆம் படியின் சரிபாதிக் கலவையிலிருந்து மீண்டும் தொடங்கி, நன்றாகப் பழகிய அதே அளவு மீன்கள் சிலவற்றை அவற்றோடு விடுங்கள். பழகியவை பாய்வதைப் பார்த்துக் கணிசமானவை சேர்ந்துகொள்ளும். பத்து நாட்களுக்குப் பிறகும் வராதவற்றுக்காக மேலும் தீவனம் செலவிடுவது நட்டம். ஜிலேபிக் கெண்டை பெருகிக் கிடக்கும் தனிக் குளம் வைத்திருப்பவர் அருகில் இருந்தால் அவருக்கு விற்றுவிடுங்கள். அங்கே அவை நன்றாகவே வளரும்.